பாய்மரப் படகில் சமையலும் குடித்தனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் ஏழு வருடமாகப் படகில் குடியிருக்கிறோம். 11 மீட்டர் நீளம், 1984-இல் கட்டிய பழைய ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு. பெரும்பாலும் மலேசியாவின் லங்காவிக்கும் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் இடையில்தான் எங்கள் நடமாட்டம், ஒரே ஒரு முறை வங்காள விரிகுடாவைக் கடந்து திருகோணமலை வரை போய் வந்தோம். பினாங்கில் இருக்கும் சொந்தபந்தங்களும், படகு வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. அதிகம் கேட்கப்படுவது சாப்பாட்டைப் பற்றித்தான், அதனால் அதற்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?

எங்கள் தொட்டியில் 380 லிட்டர் பிடிக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து, குடிக்க, சமைக்க, கடைசியாக உடம்பை அலச எல்லாமாக ஒரு நாளைக்கு 14 லிட்டருக்குள் முடித்துக்கொள்கிறோம். கரையில் ஒரு தடவை ஷவரைத் திறந்துவிட்டு நின்றால் போகிற தண்ணீர் எங்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு வரும். இதைச் சாதித்தது மன உறுதி இல்லை, குழாய்தான். மோட்டார் பம்பை எடுத்துவிட்டுக் காலால் மிதிக்கிற பம்பு வைத்தோம். ஒரு மிதிக்கு ஒரு வாய்த் தண்ணீர். யாரும் குழாயைத் திறந்துவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியாது. பக்கத்திலேயே இன்னொரு மிதி பம்பு, அது கடல் தண்ணீருக்கு. பாத்திரம் முழுக்கக் கடல் தண்ணீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர்.

மழைதான் எங்களுக்குப் பெரிய வரவு. கணக்கு ரொம்ப எளிது: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் நிழல்துணி 6 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் கொட்டுகிற ஒரு சாயங்கால மழையில் 120 லிட்டர் வந்துவிடும், அதாவது எட்டு நாள் தண்ணீர். துணியின் நடுவில் ஒரு குழாய்முனை தைத்திருக்கிறோம், அதிலிருந்து ஹோஸ் நேராகத் தொட்டிக்குப் போகும். முதல் பத்து நிமிட மழையைத் தொட்டிக்கு விடவே மாட்டோம். அதில் உப்பு, தூசி, பறவை எச்சம் எல்லாம் இருக்கும், அந்தத் தண்ணீர் துணி துவைக்கப் போகும். லங்காவியில் மேகம் கறுத்ததும் பக்கத்துப் படகுக்காரர்களும் வாளியோடு வெளியே வந்துவிடுவார்கள், மழை வரப்போகிறது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் மெஷின் வைத்திருக்கிறீர்களா?

சின்னதாக ஒன்று இருக்கிறது. கடல் தண்ணீரைச் சுமார் 55 பார் அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளும். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன வகைகளுக்கு ஒரு லிட்டர் எடுக்க ஏறக்குறைய 4 முதல் 9 வாட்-மணி மின்சாரம் ஆகும். துறைமுகத்துக்குள் ஓட்டவே கூடாது, டீசல் படலம் உள்ளே போனால் சவ்வு போய்விடும். குழாய்த் தண்ணீரால் அலசவும் கூடாது, அதில் இருக்கும் குளோரினும் அதைக் கெடுக்கும். மழை இல்லாத பிப்ரவரி, மார்ச்சில்தான் அதைத் தொடுகிறோம்.

கடல் தண்ணீரிலேயே சோறு வடிக்கலாமே?

முழுக்க முழுக்க முடியாது. கடல் தண்ணீரில் சராசரியாக லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வடித்த சோறு என்றால் ஒரு பங்கு கடல் தண்ணீர், மூன்று பங்கு நல்ல தண்ணீர், தனியாக உப்பே போடவேண்டாம். குக்கரில் தண்ணீரெல்லாம் அரிசிக்குள்ளேயே இழுத்துக்கொள்வதால் ஒன்றுக்கு ஐந்து என்று வைத்தால்தான் வாயில் வைக்க முடியும். முட்டை, தோலோடு உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு இதெல்லாம் முழுக்கடல் தண்ணீரிலேயே வேகவைக்கலாம், கிழங்குக்கு அது ஒரு தனி ருசி. ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் வேண்டாம், அரித்துவிடும், எவர்சில்வர்தான். அப்புறம், கரையிலிருந்து நன்றாகத் தள்ளி வந்த பிறகு மொண்ட தண்ணீராக இருக்கட்டும். ஆற்று முகத்துவாரம், மீன்பிடித் துறை பக்கத்தில் மொண்டது பாத்திரம் கழுவக்கூட ஆகாது.

காஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா?

ஐந்து வருடம் காஸ், இப்போது இண்டக்‌ஷன். ஏன் மாறினோம் என்பதைச் சொல்கிறேன்.

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. புரொப்பேன் சுமார் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் கதவு இடுக்கில் வெளியே போக வழி உண்டு. படகு ஒரு கிண்ணம் மாதிரி, கசிந்த காஸ் அடித்தளத்தில் போய்த் தங்கிவிடும், அங்கேயே பம்பும் ஒயரும் இருக்கும், ஒரு பொறி போதும். அதனால் சிலிண்டரைத் தனிப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் அடியிலிருந்து நேராகப் படகுக்கு வெளியே ஒரு வடிகால் விடவேண்டும், சமைத்து முடித்த ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் வாயிலேயே மூடவேண்டும். கீழே தரையோரமாகக் காஸ் மோப்பம் பிடிக்கும் அலாரம் ஒன்றும் கட்டாயம். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்களுக்குக் காஸ் நல்ல அடுப்புதான், குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குப் பெரிய தலைவலி வேறு: நாட்டுக்கு நாடு சிலிண்டர் வாய் மாறும், ரெகுலேட்டர் மாறும். ஒரு ஊரில் வெளிநாட்டுச் சிலிண்டரை நிரப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், பதினோரு நாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஓட்டினோம்.

இப்போது 600 வாட் சோலார், 12 வோல்ட்டில் 300 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, அதாவது சுமார் 3.8 யூனிட் சேமிப்பு. நல்ல வெயில் நாளில் 2.4 யூனிட் உள்ளே வரும். சமையலுக்கு 1 யூனிட்டிலிருந்து 1.2 வரை, ஃப்ரிட்ஜுக்கு 0.7, விளக்கு, விசிறி, கருவிகளுக்கு 0.3. கணக்கு சரியாக நிற்கிறது, ஆனால் மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டம் என்றால் நிற்காது, அதற்காக ஒரு சின்ன காஸ் அடுப்பை இன்னும் வைத்திருக்கிறோம். பெரிய சமையலை மதியம் 11-லிருந்து 2 மணிக்குள் முடிப்பது பழக்கமாகிவிட்டது. சூரியன் தருகிறபோதே செலவழித்தால் பேட்டரிக்கு வேலை குறைவு.

ஒரு எச்சரிக்கை: 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1,800 வாட் அடுப்பு ஓடினால் கேபிளில் ஓடுவது 150 ஆம்பியர். ஒயர் தடிமனிலும் ஃபியூஸிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். எலெக்ட்ரீஷியனிடம் காட்டாமல் செய்யவே செய்யாதீர்கள்.

படகு ஆடும்போது எப்படிச் சமைப்பது?

அடுப்பு இரண்டு பக்கமும் ஊசலில் தொங்கும், படகு சாய்ந்தால் அடுப்பு சாயாது. விளிம்பில் கம்பிகள், பாத்திரத்தைக் கவ்விப் பிடிக்க இடுக்கிகள். அடுப்படியில் நமக்கு இடுப்பில் ஒரு பெல்ட், அதில் சாய்ந்துகொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். இதெல்லாம் இருந்தும் மூன்றாவது வருடம் எனக்கு ஒரு சம்பவம் நடந்தது. பூட்டாங் தீவுகளுக்கு வடக்கே, காற்று ஒன்றும் பலமில்லை, ரசம் இறக்கிக்கொண்டிருந்தேன். தூரத்தில் போன ஏதோ கப்பலின் அலை குறுக்கே வந்து ஒரே தூக்கு. பாத்திரம் இடுக்கியில்தான் இருந்தது, ரசம் மட்டும் எழும்பி என் வலது தொடையில் விழுந்தது. பருத்திப் பாவாடை அதை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டதுதான் மோசம், துணியை உரிப்பதற்குள் தோல் கொப்பளித்துவிட்டது. நல்ல தண்ணீர் என்று பார்க்காமல் இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டே இருந்தோம், அன்றைக்கு மட்டும் அளவு பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் படகில் மூன்று சட்டம். ஓடும் படகில் அடுப்படியில் நின்றால் மார்பிலிருந்து முழங்கால் வரை மூடும் ரெக்சின் ஏப்ரன். எந்தப் பாத்திரமும் பாதிக்கு மேல் நிரம்பக்கூடாது. வெந்நீரை டம்ளரில் ஊற்றும்போது டம்ளர் கையில் இருக்கக்கூடாது, சிங்க்கில்தான் இருக்கவேண்டும்.

பிரஷர் குக்கர் அவசியமா?

எனக்கு ஒரே ஒரு பாத்திரம்தான் என்று சொன்னால் அதைத்தான் எடுப்பேன். உள்ளே 120 டிகிரி வரை சூடு ஏறுவதால் பருப்பும் கடலையும் பாதி நேரத்துக்கும் குறைவில் வெந்துவிடும், மூடி பூட்டியிருப்பதால் கவிழ்ந்தாலும் கொட்டாது. மூடியைப் பூட்டி வெயிட் போட்டு வைத்துவிட்டால், திறக்காத வரைக்கும் மறுநாள் காலை குழம்பு கெடாமல் இருக்கும் என்று சிலர் செய்வார்கள். எங்கள் வெயிலில் அதை நான் நம்புவதில்லை, இரவே முடித்துவிடுவோம்.

குக்கருக்கு அடுத்து தெர்மல் குக்கர். வெற்றிடச் சுவர் உள்ள பெரிய ஃபிளாஸ்க் மாதிரி. அரிசியைக் கொதிக்கவைத்து ஐந்து நிமிடம் விட்டு உள்ளே இறக்கி மூடிவிட்டால் முக்கால் மணி நேரத்தில் சோறு தயார், அடுப்பு வேண்டாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: சிவப்பு ராஜ்மாவை அப்படியே இதில் போடக்கூடாது. அதில் இருக்கும் ஒரு நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும், மிதமான சூட்டில் அழியாது. ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகுதான் உள்ளே போகவேண்டும்.

ஃப்ரிட்ஜ் சின்னது என்கிறீர்கள், காய்கறி எத்தனை நாள் வரும்?

ஃப்ரிட்ஜை மீனுக்கும் தயிருக்கும் விட்டுவிட்டோம். காய்கறி எல்லாம் வெளியில்தான். ஃப்ரிட்ஜுக்குள் இருந்த காயை வாங்கினால் வெளியில் வைத்ததும் வியர்த்து அழுகிவிடும், ஆகவே சூப்பர் மார்க்கெட் வேண்டாம், காலையில் சந்தைக்குப் போய் இன்னும் குளிர் படாத காயாக வாங்கவேண்டும்.

நீற்றுப்பூசணியை முழுசாக வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், அதன் மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சுதான் காப்பு, அதைத் துடைத்துவிடக்கூடாது. பரங்கிக்காய் இரண்டு மாதம் தாராளமாக வரும். சேனை, கருணை, சேம்பு எல்லாம் ஒரு மாதம். முட்டைக்கோஸைக் கத்தியால் வெட்டாமல் வெளி இலையிலிருந்து ஒவ்வொன்றாக உரித்து எடுத்தால் மூன்று நான்கு வாரம். தக்காளியைப் பச்சையாக வாங்கித் தாளில் சுற்றி வைத்துப் பழுக்கிறதைப் பார்த்துப் பார்த்து எடுக்கவேண்டும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் இருந்தால் இரண்டும் கெடும். வாழைப்பழத்தை மற்றப் பழங்களோடு தொங்கவிட்டால் எல்லாமே ஒரே நாளில் பழுத்துவிடும். வலைத்தொட்டிலில் போடுகிறவர்கள் உள்ளே ஒரு பழைய வேட்டியை விரியுங்கள், ஆட்டத்தில் வலைக்கயிறு உராய்ந்து தோல் கிழிந்தால் அழுகல் அங்கேதான் தொடங்கும்.

முட்டை: கழுவாத, ஃப்ரிட்ஜில் வைக்காத நாட்டு முட்டையாகப் பார்த்து வாங்கி, மேலே லேசாக எண்ணெய் தடவி, இரண்டு நாளுக்கு ஒரு தடவை திருப்பி வைத்தால் மூன்று வாரம் நன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துத்தான் சேர்ப்பேன்.

பச்சைக்கீரைக்கு ஏங்குகிற நாளுக்குப் பாசிப்பயறு. இரவு ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் எங்கள் சூட்டில் ஒன்றரை நாளில் முளை அரை அங்குலம் வந்துவிடும். பழைய மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி நோய், எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்தால் தீர்கிறது என்று ஜேம்ஸ் லிண்ட் 1747-இலேயே கப்பலில் சோதித்துப் பார்த்தார். எங்களுக்கு எலுமிச்சை ஊறுகாயும் முளைப்பயறும் பச்சை மிளகாயும் இருக்கின்றன, அந்தக் கவலை இல்லை.

அப்புறம் நம் அஞ்சறைப்பெட்டியும் பரணும். இதை நான் பெருமையாகவே சொல்வேன். ஐரோப்பியப் படகுகளில் டப்பா உணவுக்கு ஒரு அறையே ஒதுக்கியிருப்பார்கள், காலி டப்பாவை எங்கே போடுவது என்பது அடுத்த கவலை. எங்கள் பாட்டி வெயிலில் காயவைத்த எதற்கும் டப்பாவும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். சுண்டைவத்தல், மணத்தக்காளி வத்தல், மோர்மிளகாய், வடகம், புளி, கருவாடு. ஒரு கையளவு மணத்தக்காளி வத்தலில் இரண்டு பேருக்கு வத்தக்குழம்பு. திருகோணமலைச் சந்தையில் ஒரு அம்மா புழுக்கொடியலை எடுத்துக் கையில் வைத்து, "கடலுக்குப் போற பிள்ளையள், இத கொண்டு போங்கோ" என்றார். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. கல் மாதிரி இருக்கும், இரவுக் காவலில் உட்கார்ந்து கடித்துக்கொண்டே இருக்கலாம், தூக்கம் வராது. வாங்கிய இரண்டு கிலோ நான்கு மாதம் வந்தது, ஒரு துண்டுகூடக் கெடவில்லை.

கரப்பான், வண்டு?

அட்டைப்பெட்டியைப் படகில் ஏற்றாதீர்கள். அதன் மடிப்புகளில்தான் கரப்பான் முட்டை வரும். படகுத்துறையிலேயே எல்லாவற்றையும் பிரித்து, பழங்களைக் கடல் தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்து ஏற்றுகிறோம். அரிசி, பருப்பை நான்கு நாள் யாருடைய ஃப்ரீசரிலாவது வைத்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் வசம்புத் துண்டோ காய்ந்த மிளகாயோ போட்டு மூடினால் வண்டு வராது. மீறி வந்த கரப்பானுக்கு போரிக் பவுடரைக் கண்டென்ஸ்டு மில்க்கில் உருட்டி மூலைகளில் வைக்கிறோம். குழந்தை, பூனை இருக்கிற படகில் அதுவும் வேண்டாம்.

இட்லி, தோசை உண்டா?

உண்டு. மாவு எங்கள் சூட்டில் ஐந்து மணி நேரத்தில் பொங்கிவிடும், ஆட்டத்தில் வழியும். அதனால் நங்கூரம் போட்ட நாளில் மட்டும்தான் அரைப்பது. ஓடுகிற நாளுக்கு ரவை தோசை.

மீன் பிடித்தே வாழலாமே?

வாழ முடியாது, வாழவும் கூடாது. இரண்டு பேர் சாப்பிட ஒரு மீன் போதும், தூண்டில் போட்டு ஒன்று மாட்டியதும் கயிற்றைச் சுருட்டிவிடுவோம். இழுத்துப்போகும் தூண்டிலில் எங்களுக்கு அதிகம் வருவது சூரை. பிடித்த உடனே செவுள் பக்கம் வெட்டி ரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, குளிரில் வைத்துவிடவேண்டும். சூரையும் மஹிமஹியும் வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகிவிடும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடிப்புதான்.

பாறை மீன்களில் இன்னொரு ஆபத்து, சிகுவட்டேரா. பவளப்பாறையில் வளரும் நுண்பாசியின் நச்சைச் சின்ன மீன் தின்று, அதைப் பெரிய மீன் தின்று, சேர்ந்துகொண்டே வரும். பெரிய சீலா, பெரிய களவா, விலாங்கு இவற்றில்தான் அதிகம். வாசனையில் தெரியாது, ருசியில் தெரியாது, சமைத்தாலும் உறையவைத்தாலும் அழியாது. இந்து மாக்கடலின் தீவுகளிலும் உண்டு, கரீபியன், பசிபிக் பக்கம் இன்னும் அதிகம். பாறை ஓரத்தில் பிடித்த பெரிய மீனை நாங்கள் சாப்பிடுவதே இல்லை. அந்த ஊர் மீனவர் எந்த மீனைத் தொடமாட்டேன் என்கிறாரோ அதை நீங்களும் தொடாதீர்கள்.

இடத்தையும் பாருங்கள். லங்காவிக்குத் தெற்கே பாயார் தீவைச் சுற்றி 2 கடல் மைலுக்கு மீன்பிடி தடை. தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் தூண்டில் போடக்கூடாது. அங்கே மீன் ஏராளமாக இருப்பதே அதனால்தான்.

குப்பையை என்ன செய்கிறீர்கள்?

கப்பல்களால் கடல் மாசாவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில், குப்பை பற்றிய ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் அமலில் இருக்கிறது. பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் எவ்வளவு தூரத்திலும் போடக்கூடாது, சின்னப் படகுக்கும் சேர்த்துத்தான். 2013-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். டின், கண்ணாடி, காகிதம் எதையும் கடலில் போடக்கூடாது என்று ஆனது. ஆழ்கடலில் டப்பாவை ஓட்டை போட்டு முக்கிவிடலாம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற மூத்த படகோட்டிகளைப் பார்த்திருக்கிறேன், அது பழைய விதி. இப்போது அனுமதி சாப்பாட்டுக் கழிவுக்கு மட்டும்: கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், அல்லது 25 மில்லிமீட்டருக்குள் பொடியாக நறுக்கியிருந்தால் 3 மைலுக்கு அப்பால். மத்தியதரைக்கடல், செங்கடல், கரீபியன் போன்ற சிறப்புப் பகுதிகளில் நறுக்கியிருந்தாலும் 12 மைல்.

நாங்கள் பிளாஸ்டிக்கைப் படகுக்குள் வரவிடாமல் பார்ப்பதில்தான் அதிக உழைப்பைப் போடுகிறோம். துணிப்பையும் டப்பாவும் எடுத்துக்கொண்டு பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகை வாங்கி, அங்கேயே டப்பாவுக்கு மாற்றி, கவரைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோம். மீறி வந்ததைக் கடல் தண்ணீரில் கழுவி, காயவைத்து, கத்தரியால் சின்னதாக வெட்டி, 5 லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குள் குச்சியால் திணிக்கிறோம். பத்து நாள் பிளாஸ்டிக் ஒரு பாட்டிலுக்குள் அடங்கிவிடும், நாற்றமும் இல்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சின்னத் தீவுகளில் குப்பையை இறக்காதீர்கள். வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார், காசும் கேட்பார், மறுநாள் அதே கடற்கரையில் புகை எழும். குப்பை எடுத்துப்போக வண்டி வருகிற பெரிய ஊர் வரும் வரை உங்களோடு வைத்திருங்கள்.

கழிவறை?

பெரிய கப்பல்களுக்கான சர்வதேசக் கழிவுநீர் விதி 400 டன்னுக்குக் குறைந்த, 15 பேருக்கு மேல் ஏற்றாத படகுகளைத் தொடாது. ஆனால் பல நாடுகளும் துறைமுகங்களும் தனிச்சட்டம் வைத்திருக்கின்றன. நாங்கள் சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் உலர் கழிவறைக்கு மாறினோம், திடக்கழிவுக்கு மேல் தென்னைநார்த் தூள். வாடை இல்லை, தண்ணீரும் செலவில்லை. சில வாரத்தில் அது உரமாகிவிடும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள், ஆகாது. மக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதற்குக் கரையில் ஒரு வழி ஏற்பாடு செய்துகொண்டுதான் வாங்கவேண்டும்.

இயற்கையான சோப்பு பயன்படுத்தினால் கடலுக்குப் பாதிப்பில்லையே?

அப்படி இல்லை. பூந்திக்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு நூறு இயற்கை. அதன் நுரையில் இருக்கும் சபோனின் மீனுக்கு விஷம், அதைக் குளத்தில் கரைத்து மீன் பிடிக்கும் பழைய வழக்கமே உண்டு. ஆகவே எந்தச் சோப்பாக இருந்தாலும் குறைவாக, முடிந்தால் இல்லாமலே. எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் பழைய துணியால் துடைத்துவிட்டால் கழுவ ஒன்றுமே இருக்காது.

சன்ஸ்கிரீனும் அப்படித்தான். ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் உட்பட நான்கு ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீனைத் தாய்லாந்து 2021 ஆகஸ்டில் கடல் தேசியப் பூங்காக்களில் தடை செய்தது. நாங்கள் முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, முகத்துக்கு மட்டும் துத்தநாகக் களிம்பு.

நங்கூரத்தால் பவளம் உடையாதா?

உடையும், நங்கூரத்தைவிடச் சங்கிலிதான் அதிகம் உடைக்கும். காற்று திரும்பும்போதெல்லாம் சங்கிலி தரையில் விசிறி மாதிரி துடைத்துக்கொண்டே போகும். வெளிர்நீலமாகத் தெரிகிற மணலில்தான் போடவேண்டும், போட்ட பிறகு முகமூடி மாட்டி இறங்கிப் பார்க்கவேண்டும். கட்டுமிதவை இருந்தால் அதில் கட்டுங்கள். கடற்புல்லும் பவளம் அளவுக்கே முக்கியம். ஸ்பெயினின் பலியாரிக் தீவுகளில் பொசிடோனியா கடற்புல்மேல் நங்கூரம் போடுவதை 2018-இல் சட்டம் போட்டே தடுத்தார்கள்.

பாய்மரம் என்றால் காற்றில் ஓடுவது, அப்படியானால் சூழலுக்குக் கேடே இல்லை, சரியா?

எங்கள் கணக்கையே காட்டுகிறேன். மலாக்கா நீரிணையில் காற்று பல நாள் இருக்கவே இருக்காது. போன வருடம் எஞ்சின் 150 மணி நேரம் ஓடியது, மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல், மொத்தம் 375 லிட்டர். லிட்டருக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வீதம் சுமார் 1 டன். இரண்டு பேருக்கு அது குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. ஓட்டுமீன் ஒட்டாமல் இருக்க அடியில் பூசும் வண்ணத்தில் செம்பு இருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் கரைவதால்தான் வேலையே செய்கிறது. அதற்கு முன் இருந்த, டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த வண்ணம் சிப்பிகளையும் நத்தைகளையும் சிதைத்ததால் 2008-இல் உலக அளவில் தடையானது. அடிப்பாகத்தைச் சுரண்டுவதைக் கரையில் ஏற்றி, கீழே தார்ப்பாய் விரித்து, தூளை அள்ளிக் கொடுத்துவிடுவது ஒன்றுதான் ஒழுங்கான வழி. அடியைச் சுத்தமாக வைத்தால் டீசலும் குறையும். நியூசிலாந்துக்குப் போகிறவர்களுக்கு இது கட்டாயமும்கூட, 2018 மே முதல் சுத்தமான அடிப்பாகத்தோடுதான் அங்கே நுழைய முடியும்.

ஃபைபர் கிளாஸ் மக்காது, உருக்கி மறுபடி செய்யவும் முடியாது. நாங்கள் செய்யக்கூடியது நாற்பது வருடப் படகை இன்னும் இருபது வருடம் ஓட்டுவது. புதுப் படகு வாங்கி அதற்குமேல் சோலார் மாட்டுவதைவிட, பழையதைப் பழுது பார்த்து ஓட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நெடும்பயணத்தில் சுக்கான் பிடிக்க மின்சார ஆட்டோபைலட் இல்லை, காற்றின் திசையைப் பிடித்துத் தானே திருப்பும் விண்ட் வேன். மின்சாரம் ஒரு துளி வேண்டாம்.

அலை அடித்து அடுப்பே பற்றவைக்க முடியாத நாளில்?

கிளம்புவதற்கு முந்தின நாளே அதற்கும் சேர்த்துச் சமைத்துவிடவேண்டும். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை இரண்டு நாள் தாங்கும். அதற்குப் பிறகு அவல், வெல்லம், தேங்காய்த் துருவல். கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்தால் சாப்பாடு. திருகோணமலைக்குப் போகும் வழியில், புக்கெட்டை விட்ட நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அப்படித்தான் சாப்பிட்டோம். குமட்டல் இருக்கிறவருக்குச் சுக்கும் வெல்லமும் உருட்டி வைத்த உருண்டை, வாயில் அடக்கிக்கொள்ள. சாயங்காலம் படகு கொஞ்சம் அடங்குகிற அரை மணி நேரத்தில் குக்கரில் அரிசிக்கஞ்சி வைத்து, சீரகம் தட்டிப் போட்டு, இரண்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுவோம். ராத்திரி இரண்டு மணிக் காவலுக்கு எழுந்து வருகிறவர் இருட்டில் தேடவேண்டியதில்லாதபடி ஒன்றைப் படிக்கட்டின் வலது பக்கத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில், கயிற்றால் கட்டி வைக்கவேண்டும்.